பேரனுக்கு ஒரு ஹூட் ஜெர்சி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்தால் எல்லோருக்கும் ஒரே ஆசை, ஹூட் வைத்த ஜெர்சி. இளவட்டங்கள் ஹூடி போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்துப் பெரியவர்களுக்கும் கை ஊறுகிறது போலிருக்கிறது. சரி, அந்தக் கடிதங்களை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சாக்ஸும் தொட்டில் போர்வையும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, என் மகன் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு ஜோகன்னஸ்பர்க் போய்விட்டான். பேரனுக்கு எட்டு வயது. அங்கே காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறதாம். காது வலிக்கிறது ஆயா என்று போனில் சொல்கிறான். சாதா ஜெர்சி நிறையப் பின்னியிருக்கிறேன், ஹூட் வைத்துப் பின்னியதில்லை. எந்த நூல் வாங்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும், ஹூட்டை எப்படி ஏற்றுவது? (தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி)

பதில்: டர்பனில் ஜூலை மாத இரவு பத்துப் பதினோரு டிகிரிக்கு இறங்கினாலே நமக்குப் போர்வை தேடும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் உறைபனி, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். ஆகவே பிள்ளை காலையில் போட்டுக்கொண்டு போவதைப் பத்து மணிக்குக் கழற்றிப் பையில் திணிப்பான். தடித்த சங்கி நூலில் பின்னினால் பையில் புத்தகத்துக்கு இடமிருக்காது. டபுள் நிட் என்கிற நடுத்தரத் தடிமன் நூல் போதும்.

அக்ரிலிக்கா கம்பளியா என்று கேட்பீர்கள். மலிவாகக் கிடைப்பதும் மெஷினில் போடத் தோதாக இருப்பதும் அக்ரிலிக்தான். நம் கடலோரத்துக்கு அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் மேட்டு நிலத்துக் குளிர் வறண்ட குளிர். அந்தக் காற்றில் அக்ரிலிக் ஜெர்சியைத் தலைவழியாகக் கழற்றினால் படபடவென்று பொறி தெறிக்கும், முடி குத்திட்டு நிற்கும். அதிலும் ஹூட் என்பது நாள் முழுக்கத் தலைமுடியில் உராயும் துணி. அதனால் பேரனுக்கு மெரினோ, அல்லது பாதிக்கு மேல் கம்பளி கலந்த நூல் வாங்குங்கள். மெரினோ ஆடு 1789-லேயே கேப்புக்கு வந்துவிட்டது. உள்நாட்டு வறண்ட நிலமான கரூ பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் ஆடுதான். நம் நாட்டில் விளைகிற சரக்கு, வாங்குவதில் என்ன தயக்கம்? கட்டியிருக்கும் சீட்டில் ‘சூப்பர்வாஷ்’ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாத கம்பளியை உங்கள் மருமகள் ஒரு நாள் அவசரத்தில் சுடுதண்ணீர் மெஷினில் போட்டால் ஜெர்சி பொம்மைக்குத்தான் ஆகும். அப்புறம் அவள் மேல் கோபித்துப் பயனில்லை.

அளவைப் பற்றி. பிள்ளை நேரில் இல்லை, வயதை வைத்துப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எட்டு வயதில் ஒருவன் ஒட்டடைக் குச்சி, இன்னொருவன் குண்டன். அவனுக்குப் பொருந்துகிற ஒரு ஜெர்சியைக் கட்டிலில் விரித்து, பக்கத்தில் டேப்பையும் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மார்பு அகலம், உயரம், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை என மூன்றும் அதில் தெரிந்துவிடும். தலைக்கு மட்டும் தனியே இரண்டு அளவு வேண்டும். ஒரு புருவத்தின் வெளி நுனியில் தொடங்கிப் பின்மண்டையைச் சுற்றி அடுத்த புருவத்தின் வெளி நுனி வரை ஒன்று. கழுத்தும் தோளும் சேருமிடத்திலிருந்து உச்சியைத் தாண்டி மறுபக்கம் அதே இடம் வரை இன்னொன்று. முதல் அளவோடு 8 முதல் 10 செ.மீ. சேர்த்தால் ஹூட்டின் அகலம். இரண்டாவதைப் பாதியாக்கினால் உயரம்.

அடுத்து சாம்பிள் துண்டு. யாருக்கும் இது பிடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நான் டர்பனில் ஜெர்சி ஆலையில் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவள். அங்கேகூட துண்டு ஓட்டி, கழுவி, அளந்து பார்க்காமல் ஒரு ரோல் துணியை வெட்ட விடமாட்டார்கள். 4 மி.மீ. ஊசியில் 15 செ.மீ. சதுரம் பின்னுங்கள். கழுவிக் காயவைத்து நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். டபுள் நிட்டில் 22 கண்ணி வர வேண்டும். 20 வந்தால் என்ன குறைந்துபோகிறது என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். பையனின் மார்பு 66 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சட்டைக்கும் அடுத்த வருட வளர்ச்சிக்கும் 12 சேர்த்தால் 78. அதற்கு முன்பக்கம் 86, பின்பக்கம் 86, தையலுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு கூட்டி 88 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கை தளர்வாக ஓடிப் பத்து செ.மீ.-க்கு 20 கண்ணிதான் வந்தால் ஜெர்சி 86 செ.மீ. ஆகிவிடும், அண்ணனுக்குத்தான் சரிப்படும். 20 வந்தால் ஊசியை 3.75-க்கு, தேவையானால் 3.5-க்கு மாற்றுங்கள். கையை இறுக்கிப் பின்னிப் பார்க்காதீர்கள். பத்து வரிசை போனதும் கை பழைய தளர்ச்சிக்கே திரும்பிவிடும்.

நூல் 450 கிராம் பிடிக்கும், 500 வாங்குங்கள். எட்டு வயதுப் பிள்ளையின் ஹூட் ஒன்றே 70, 75 கிராம் கேட்கும், ஒரு கையைவிட அதிகம். சாதா ஜெர்சிக் கணக்கில் நூல் வாங்கியவர்களெல்லாம் கழுத்துக்கு வந்ததும் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே அதே சாயத்தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) இருக்காது. எல்லாக் கண்டிலும் சீட்டில் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முகத்துக்குப் பக்கத்தில் வரும் ஹூட் ஒரு நிறமும் உடம்பு இன்னொரு நிறமுமாக இருந்தால் போன் படத்தில்கூடத் தெரியும்.

உடம்பும் கையும் நீங்கள் வழக்கமாகப் பின்னுவதுதான், அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டே மாற்றம். முன்பக்கக் கழுத்தின் நடுவில் 10 செ.மீ. பிளவு விட்டு மூன்று பொத்தான் வைக்க இடம் விடுங்கள். இல்லாவிட்டால் தலை நுழையாது. பின்கழுத்தை முன்கழுத்தைவிட 2 செ.மீ. உயர்த்துங்கள். தோள் கண்ணிகளை முடிக்கும்போது பாதி வரிசையில் திரும்பித் திரும்பிப் பின்னினால் அந்த உயரம் தானே வந்துவிடும்.

இப்போது ஹூட். பின்கழுத்துக் கண்ணிகளை ஊக்கில் போட்டு வைத்து அப்படியே மேலே பின்னிக்கொண்டு போகலாம் என்று தோன்றும். வேண்டாம். முன்பக்கத்துக் கண்ணிகளை ஊக்கில் வைக்கலாம், பின்கழுத்தை மட்டும் முறையாக முடித்துவிட்டு அந்த விளிம்பிலிருந்து புதிதாகக் கண்ணி எடுங்கள். ஹூட்டின் எடை முழுதும் அந்த ஒரு விளிம்பில்தான் தொங்குகிறது. முடித்த விளிம்பு இருந்தால் அது வேட்டிக் கரைபோல் நின்று தாங்கும், இல்லாவிட்டால் இரண்டே மாதத்தில் தொங்கிவிடும். கிடையாக முடிந்த விளிம்பில் கண்ணிக்குக் கண்ணி எடுக்கவும். செங்குத்தான ஓரத்தில் நாலு வரிசைக்கு மூன்று கண்ணி. பிளவின் வலது ஓரத்தில் தொடங்கிச் சுற்றி இடது ஓரம் வரை வந்தால் 82 கண்ணி போல இருக்கும். பின்கழுத்தில் 30, பக்கத்துக்கு 26.

நாலு வரிசை போனதும் பின்பக்கத்து முப்பதில் மட்டும் 22 கண்ணி கூட்டுங்கள். மொத்தம் 104, அதாவது 47 செ.மீ. தலை அகலும் இடம் அதுதான். முன்னோரத்தில் கூட்டினால் ஹூட் முகத்தில் விழுந்து பையனுக்குப் பாதை தெரியாது. முகத்தை ஒட்டி வரும் இரண்டு ஓரத்திலும் ஐந்து ஐந்து கண்ணியைக் கார்ட்டர் பின்னலில் (எல்லா வரிசையும் நேர்ப்பின்னல்) போட்டால் சுருண்டுகொள்ளாது. இப்படியே 28 செ.மீ. நேராகப் போங்கள்.

உச்சியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இரண்டாக மடித்து மேலே ஒரே தையல் போட்டால் வேலை முடியும், உண்மைதான். ஆனால் பின்னால் கூர்மையாக ஒரு கொம்பு நிற்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது அழகு. எட்டு வயதுப் பையன் பள்ளியில் கேலிக்கு ஆளாவான், அப்புறம் அந்த ஜெர்சி அலமாரியை விட்டு வெளியே வராது. நீங்கள் சாக்ஸ் பின்னியிருந்தால் குதிகால் திருப்பத் தெரியும். இதுவும் அதுவே. 104-ஐப் பக்கத்துக்கு 36, நடுவில் 32 என்று பிரியுங்கள். நடுப் பட்டையை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னிக்கொண்டு போய், ஒவ்வொரு வரிசை முடிவிலும் பட்டையின் கடைசிக் கண்ணியோடு பக்கத்துக் கண்ணி ஒன்றைச் சேர்த்துப் பின்னித் திரும்புங்கள். கண்ணியின் அகலத்தைவிட வரிசையின் உயரம் குறைவுதான், ஆனாலும் ஒரு கண்ணிக்கு இரண்டு வரிசை போகிறதல்லவா, அதனால் பட்டை கொஞ்சம் நீண்டு பொம்மிக்கொள்ளும். மூன்றாவது தடவை வரும்போதெல்லாம் ஒன்றுக்குப் பதில் இரண்டு பக்கக் கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டால் வழுவழுவென்று தலையில் படியும். பக்கக் கண்ணிகள் தீர்ந்ததும் நடுவில் மிஞ்சிய 32-ஐ முன்னோரத்தோடு சேர்த்து முடியுங்கள். தையலே கிடையாது. உள்ளே தடவினால் மண்டையில் குத்த எதுவும் இருக்காது.

கேள்வி: பேத்திக்குப் பின்னிய ஹூட்டில் கயிறு கோத்து நுனியில் இரண்டு பூப்பந்து கட்டினேன். மருமகள் கயிற்றை உருவிவிட்டாள். பிள்ளைக்கு நாலு வயது. காற்று அடித்தால் ஹூட் பறந்துவிடாதா? (சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: மருமகள் செய்ததே சரி. சறுக்குமரத்தின் கைப்பிடியிலும் வண்டிக் கதவிலும் அந்தக் கயிறு மாட்டிக் குழந்தைகள் கழுத்து நெரிந்து இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996-லேயே பிள்ளைகளின் மேலாடையில் ஹூட்டுக்கும் கழுத்துக்கும் கயிறு வைக்காதீர்கள் என்று அரசு வழிகாட்டுதல் வந்தது. ஐரோப்பியத் தரவிதியிலும் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஹூட்டில் கயிறு கூடாது. பறக்காமல் இருக்க முன்னோரத்தில் 3 செ.மீ. ரிப் (நேரும் மறுபுறமும் மாறி வந்து இழுபடும் பின்னல்) போடுங்கள், ஊசி ஒரு அளவு சின்னதாக. மோவாய்க்குக் கீழே தட்டையாக ஒரு பொத்தான். பூப்பந்து ஆசை போகவில்லை என்றால் ஹூட்டின் உச்சியில் இறுகத் தைத்துவிடுங்கள், தொங்கவிடாமல்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சார்டின் மீன் கூட்டமாகக் கரைக்கு வரும் நாட்களில் இருட்டோடு எழுந்து கடற்கரைக்கு ஓடுவார். அவருக்குச் சங்கி நூலில் ஹூட் ஜெர்சி பின்னினேன். போட்ட கொஞ்ச நேரத்தில் ஹூட் பின்னால் இழுத்து, முன்கழுத்து தொண்டையை நெரிக்கிறது என்கிறார். முழுக்கப் பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா? (டொங்காட் வாசகி)

பதில்: உண்டு. முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை.

முதலில் அவரை ஜெர்சியைப் போட்டு நிற்கச் சொல்லி, பின்னால் தொங்கும் ஹூட்டை உங்கள் கையில் தாங்கிப் பிடியுங்கள். உடனே தொண்டை விட்டால் குற்றம் எடையில். தாங்கியும் நெரித்தால் முன்கழுத்து உயரமாகப் பின்னப்பட்டிருக்கிறது. இரண்டாவதுக்கு மருந்து எளிது. ஹூட்டின் முன்நுனிகள் சேருமிடத்தில் தையலைப் பிரித்து 5 செ.மீ. திறந்துவிட்டு விளிம்பில் ஒரு பொத்தான் வையுங்கள். வேண்டும்போது மூடிக்கொள்வார்.

எடைதான் காரணம் என்றால், அரை அங்குலப் பருத்தி நாடா ஒன்று வாங்குங்கள். அவருக்குப் பொருந்துகிற சட்டையில் ஒரு தோள் நுனியிலிருந்து பின்கழுத்து வழியாக மறு தோள் நுனி வரை அளந்து, அந்த நீளத்துக்கு வெட்டி, ஜெர்சியின் உட்பக்கம் தோள் தையல் மேலேயே கையால் தையுங்கள். ஜெர்சியை நாடாவின் நீளத்துக்குள் அடக்கித் தைக்க வேண்டும், நாடாவை ஜெர்சிக்கு ஏற்ப இழுக்கக் கூடாது. இப்போது எடை கழுத்தில் நிற்காமல் இரண்டு தோளுக்கும் பிரிந்துபோகும். ஆலையில் செய்கிற ஒவ்வொரு நல்ல ஜெர்சியிலும் அங்கே ஒரு நாடா ஓடும். உள்ளே திருப்பிப் பாருங்கள்.

அதுவும் போதவில்லை என்றால் ஹூட்டை மட்டும் பிரித்து, அதே நிறத்தில் டபுள் நிட் நூலில் மறுபடி பின்னுங்கள். கழுத்து விளிம்பிலிருந்து கண்ணி எடுத்துப் பின்னிய ஹூட்டானால் உடம்பு அப்படியே இருக்கும். சங்கி நூல் கடற்காற்றுக்கு நல்லதுதான், ஆனால் அலைத் தூற்றல் பட்டதும் பின்னால் தொங்கும் ஹூட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தும் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு ஈரம் தெரியாது, கனம் மட்டும் தெரியும்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்பு காய்ந்தால் நூல் முரடாகும். தூண்டில் முள் பின்னலில் மாட்டினால் பின்னுக்கு இழுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். நரம்பை வெட்டிவிட்டு முள்ளின் கொக்கியைக் குறட்டால் நறுக்கி முன்னோக்கித் தள்ளினால் ஒரு கண்ணிகூட அறாது. மீன் கிடைத்தால் எனக்கும் நாலு அனுப்பலாம், தப்பில்லை.

கேள்வி: கடையில் ஹூடி வாங்கினால் நூல் விலையைவிடக் குறைவு. பின்னுவதில் என்ன லாபம்? (டர்பன் வாசகர்)

பதில்: பணத்தில் லாபம் இல்லை, ஐயா. கை நீளமான பிள்ளைக்குக் கை நீளமாகவும், வயிறு இருப்பவருக்கு வயிற்றுக்கு இடம் விட்டும் கடைக்காரன் தைத்துத் தர மாட்டான். அது வேண்டாதவர்கள் தாராளமாகக் கடையில் வாங்கலாம்.

கேள்வி: ஆன்ட்டி, நான் பிரிட்டோரியாவில் படிக்கிறேன். ஆயா மெரிபாங்கில் இருக்கிறார். பக்கவாதம் வந்து இடது கை தூக்க முடியவில்லை. எப்போதும் தலை குளிர்கிறது என்று துண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். பின்னல் கற்றுக்கொண்டுவிட்டேன், இப்போது ஓரளவு வருகிறது. ஆயாவுக்கு ஹூட் வைத்து ஜிப் போட்ட ஜெர்சி பின்னலாமா? விடுதியில் கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். (ஒரு மாணவர்)

பதில்: சிரிக்கட்டும் தம்பி. பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரி நடுவே டக்கீலே என்று ஒரு தீவு. அங்கே ஆண்கள்தான் பின்னுகிறார்கள், சின்னப் பையன்கள் முதல். யுனெஸ்கோ 2005-ல் அந்தக் கைவேலையைச் சிறப்பித்தது. உன் கூட்டாளிகளிடம் சொல். குளிர் வந்ததும் அவர்களே தொப்பி கேட்டு வருவார்கள்.

ஜெர்சி கட்டாயம் முன்பக்கம் முழுக்கத் திறக்க வேண்டும், தலைவழியாகப் போடுவது கூடாது. ஆனால் ஜிப் வேண்டாம். ஜிப்பின் அடி நுனியைக் கோக்க இரண்டு கை வேண்டும், ஆயாவுக்கு ஒன்றுதான் ஓடுகிறது. காந்தப் பொத்தான் ஒற்றைக் கைக்கு வசதி என்று சிலர் சொல்வார்கள். ஆயாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அது ஆகவே ஆகாது. 25 மி.மீ. அகலத்தில் பெரிய பொத்தான், கொஞ்சம் தடித்ததாக, விரலுக்குப் பிடிபடுகிறதாகப் பார்த்து வாங்கு. காஜா தாராளமாக இருக்கட்டும். கீழே இரண்டு பொத்தானை நிரந்தரமாகப் பூட்டித் தைத்துவிடலாம் என்று தோன்றினால் செய்யாதே, உட்காரும்போது வயிற்றில் இழுக்கும்.

கை இறங்கும் அக்குள் பக்கம் வழக்கத்தைவிட 4, 5 செ.மீ. ஆழமாக விடு. இடது கையின் மணிக்கட்டில் இறுக்கமான ரிப் வேண்டாம், சாதாவாக அகலமாக முடி. போட்டுவிடுபவர்களிடம் ஒன்று சொல்லி வை: போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தோள் வலிக்கும்.

ஹூட்டுக்கு வருவோம். ஆயா கொண்டை போடுகிறாரா? கடிதத்தில் நீ எழுதவில்லை. அந்த வயதுக்காரர்கள் பெரும்பாலும் போடுவார்கள். புத்தகத்திலுள்ள ஹூட் எல்லாம் கொண்டை இல்லாத தலைக்கு. கொண்டையோடு அளந்தால்தான் சரிவரும். டேப்பைக் கொண்டையின் மேலேயே சுற்றச் சொல். 6, 7 செ.மீ. கூட வந்தால் ஆச்சரியப்படாதே. கூட்டும் கண்ணிகளை எல்லாம் பின்பக்க நடுவில், கொண்டை உட்காரும் உயரத்தில் கூட்டி, அதைத் தாண்டியதும் குறைத்துவிடு. பையில் ஒன்றைப் போட்டதுபோல் கொண்டை தன் இடத்தில் உட்காரும், ஹூட்டும் பின்னால் வழுகாது.

முன்னோரம் கண்ணை மறைக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பது தெரியாமல் போனால் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். முகத்தோரம் 4 செ.மீ. ரிப் போட்டு வெளிப்பக்கம் மடித்து இரண்டு மூன்று இடத்தில் தைத்துவிடு, அது எப்போதும் பின்னுக்கே நிற்கும். நூல் மொஹேர் (அங்கோரா ஆட்டின் முடி) வாங்கலாமா என்று ஆசை வரும். உலகத்திலேயே அதிகமாக மொஹேர் விளைவது நம் ஈஸ்டர்ன் கேப் பக்கம்தான், அங்கோரா ஆடு 1838-ல் துருக்கியிலிருந்து வந்தது. சூடு என்றால் அப்படி ஒரு சூடு. ஆனால் அதன் பூமுடி முகத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் குறுகுறுக்கச் செய்யும். தவிர, மொஹேரைப் பிரித்து மறுபடி பின்னுவது புதுக் கைக்குத் தண்டனை. மெரினோவிலேயே பின்னு. நிறம் ஆயாவையே கேள். நாமாகப் பழுப்பும் சாம்பலும் வாங்கிக் கொடுத்து அவர்களைக் கிழவியாக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது பிள்ளைகள் ஹூட் ஜெர்சியோடு அடுப்பைச் சுற்றி ஓடுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அக்ரிலிக் தீப்பிடிக்குமா? (வெருலம் வாசகி)

பதில்: பிடிக்கும். நியாயமான பயம்தான். ஊரில் ஆடிக்கு அம்மி பறக்கக் காற்று அடிக்கும், நமக்கு அது நடுக்குளிர். விடியற்காலை நாலு மணிக்கே விறகடுப்பில் அண்டா ஏறிவிடும், குளிருக்குப் பிள்ளைகள் அந்த அடுப்பைத்தான் தேடி வரும். அக்ரிலிக் சட்டென்று பற்றும், உருகி ஒழுகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். புண் ஆழமாகும். கம்பளி லேசில் பற்றாது, பற்றினாலும் நெருப்பை எடுத்தால் தானாகவே அணைந்து கரியாகும்.

வீட்டில் இருக்கும் நூல் எது என்று தெரியாவிட்டால், ஒரு விரல்நீளம் வெட்டிக் குறட்டில் பிடித்துச் சமையல்கட்டுத் தொட்டி மேலே கொளுத்திப் பாருங்கள். தலைமுடி பொசுங்கும் வாடையும் விரலில் நொறுங்கும் சாம்பலும் வந்தால் கம்பளி. கருப்பாகக் கெட்டி மணி உருண்டு நின்றால் அக்ரிலிக். கலப்பு நூலில் இரண்டும் வரும், அதை அக்ரிலிக் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கம்பளி போட்டுவிட்டோம் என்று அடுப்புப் பக்கம் விடுவதும் ஆகாது. குனியும்போது ஹூட்டும் கை நுனியும்தான் முதலில் நெருப்புக்குப் போகும். அண்டாப் பக்கம் வந்தால் ஹூட்டை உள்ளே மடித்துச் செருகுங்கள், கையை முழங்கை வரை சுருட்டிவிடுங்கள். பெரியவர்களில் ஒருவர் அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றால் இன்னும் நல்லது. கற்பூரத் தட்டை நீட்டும்போதும் இதே கதைதான்.

கேள்வி: ஒவ்வொரு ஜெர்சிக்கும் அரைக் கண்டு, கால் கண்டு மிஞ்சி ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டது. தூக்கிப் போட மனசில்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

பதில்: முதலில் கம்பளியையும் அக்ரிலிக்கையும் தனித்தனிப் பையாக்குங்கள். பூச்சி அரிப்பது கம்பளியைத்தான். ஒரு கண்டில் முட்டை இருந்தால் அத்தனைக்கும் பரவும். சந்தேகமான கண்டைப் பிளாஸ்டிக் பையில் காற்று எடுத்துக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள், பூச்சியும் முட்டையும் செத்துவிடும்.

அப்புறம் அந்த ஜெர்சிகளுக்கே ஒவ்வொன்றிலும் 10 கிராம் எடுத்து, சீட்டோடு ஒரு உறையில் போட்டு, யாருடையது என்று எழுதி வையுங்கள். முழங்கை தேய்ந்தால், கை குட்டையாகிப்போனால் அந்த நிறம் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. மீதியில் சதுரங்கள் பின்னலாம். 2013 டிசம்பரில் தொடங்கிய மண்டேலா நாளுக்கான 67 போர்வை இயக்கத்துக்கு நாடு முழுவதும் பின்னித் தருகிறார்கள், ஜூலை 18 நெருங்கும்போது நிறையத் தேவைப்படும். மண்டேலா பொதுவாழ்வில் உழைத்த 67 வருடங்களுக்காக அந்த எண். ஒரே தடிமனுள்ள நூல்களை மட்டும் ஒரு போர்வைக்குள் சேருங்கள். டபுள் நிட் சதுரத்துக்குப் பக்கத்தில் சங்கிச் சதுரம் வந்தால் முதல் சலவையிலேயே போர்வை கோணிக்கொள்ளும்.